அருவியோட திரும்பிப் போயிடாதீங்க

நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தால் எங்க வீட்டுக்குச் சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பக்கத்துல ஏதாச்சும் ஃபால்ஸ் இருக்குதா?" எங்க ஊர் சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில், நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற வறண்ட சீமை. இங்கே அருவிக்கு எங்கே போக? ஆனால் இதே நொய்யல் உற்பத்தியாகிற மலையில் ஒரு அருவி இருக்கிறது. கோவைக் குற்றாலம். 120 கிலோமீட்டர் வரும். விடியக்காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

அப்படி நான் கூட்டிப்போன தடவைகள் பத்துக்கு மேல் இருக்கும். அத்தனை தடவையிலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதலில் அந்தப் பயணம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், போகாதவர்களுக்காக.

கோயம்புத்தூரில் இருந்து பேரூர், ஆலாந்துறை வழியாக சிறுவாணி ரோட்டில் போனால் 35 கிலோமீட்டர் சொச்சத்தில் சாடிவயல். நம்ம வண்டி அதோடு சரி. அங்கே வனத்துறை சோதனைச் சாவடி. டிக்கெட் வாங்கி, பையைத் திறந்து காட்டி, அவர்கள் வேனில் ஏறித்தான் காட்டுக்குள் போக வேண்டும். வேன் ஒரு இடத்தில் இறக்கிவிடும். அதற்கு அப்புறம் நடை. டிக்கெட் கிழிக்கிறவர், பாதையில் நிற்கிறவர், அருவியில் விசில் ஊதுகிறவர் என்று முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரப் பதிகளைச் சேர்ந்த இருளர் மக்கள். சிங்கம்பதி, சர்க்கார் போரத்தி, வெள்ளப்பதி இப்படி அங்கே ஊர்கள். இவர்களையும் சேர்த்துக் குழு அமைத்துத்தான் இந்தச் சுற்றுலா நடக்கிறது.

ஒரு தடவை கூட்டம் இல்லாத நாளில் போனோம். எங்கள் கூடவே அந்தக் குழுவில் ஒருவர் நடந்து வந்தார். அம்பது வயசு இருக்கும். பாதை ஓரத்தில் யானைச் சாணம் கிடந்தது. என் அண்ணன் மகள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, செல்போனை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். "சூடு இருக்கானு தொட்டுப் பாரு அம்மிணி" என்றார் அவர். இவள் முகத்தைச் சுளித்தாள். அவரே குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரிதுங்க. பயமில்ல, நடங்க" என்றார். அதற்குப் பிறகு அவள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தாள். எந்த மரத்தில் யானை முதுகைத் தேய்த்திருக்கிறது, எந்தக் கனியைக் கரடி தின்னும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தாள். அருவியில் நின்றது அரை மணி நேரம்தான். வீட்டுக்கு வந்து அவள் பேசியதெல்லாம் அந்த நடையைப் பற்றித்தான்.

அருவியைப் பற்றி நான் என்ன சொல்ல. வெள்ளை வேட்டியை உதறிக் காயப்போட்ட மாதிரி பாறையில் இறங்கும். தண்ணி பட்டதும் முதலில் மூச்சு நிற்கும், அப்புறம் வெளியே வர மனசு வராது. அவ்வளவுதான். படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். இந்த அருவித் தண்ணிதான் கோயம்புத்தூர்க்காரர்கள் குடிக்கிற சிறுவாணித் தண்ணி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. சிறுவாணி அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணி மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. சிறுவாணி ஆறு போய்ச் சேருவது பவானியில். இந்த அருவித் தண்ணி கிழக்கே இறங்கி நொய்யலாகிறது. பேரூர்ப் புராணத்தில் இதற்கு காஞ்சிமாநதி என்று பேர். கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர், எங்க ஊர் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரில் காவிரியில் கலக்கிறது. நீங்கள் அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது உங்கள் மேல் விழுகிற தண்ணி எங்க ஊருக்கு வந்து சேர வேண்டிய தண்ணி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சாடிவயலில் பையைச் சோதிக்கிறபோது ஒரு சண்டை நடக்காமல் இருக்காது. பிளாஸ்டிக் பை கூடாது, பாட்டில் கூடாது, எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது. ஒரு முறை முன்னால் நின்ற குடும்பத்தில் ஒருவர் ஒற்றை ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்காகப் பத்து நிமிஷம் வாதாடினார். "ஒரு பாக்கெட்ல ஆறு கெட்டுப் போயிருமா?" என்று கேட்டார். சோதித்த பெண் அசரவில்லை. "கெடுதோ கெடலையோ, உள்ள போகாதுங்ணா. வெச்சுட்டுப் போங்க" என்றார். கடைசியில் வைத்துவிட்டுத்தான் போனார். அந்தப் பெண்ணுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அதே மாதிரி, அருவி மூடியிருந்தால் நகரத்து ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தோம், வெயில் நல்லா அடிக்குது, எதுக்கு மூடணும்?" கீழே வெயில் அடிப்பது ஒரு கணக்கே இல்லைங்க. மலை உச்சியில் பெய்த மழை கால் மணி நேரத்தில் கீழே வரும். வருவதற்கு முன்னால் தண்ணியின் நிறம் மாறும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும். அதைப் பார்த்துச் சொல்ல அங்கேயே பிறந்து வளர்ந்த கண் வேண்டும். 2024 மே 17 அன்று தென்காசிப் பக்கம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருவன் போய்விட்டான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போன பயணம் அது. அதற்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்கு அரசாங்கம் விதிகள் போட்டது. உள்ளூர் ஆள் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அது வேண்டாம்தான். டிக்கெட் வாங்கியவன் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆலாந்துறையில் நல்ல டீ கிடைக்கும், குடித்துவிட்டு வரலாம்.

ஆகக்கூடி அந்த மலையில் ஆற்றுக்குக் காவல் இருக்கிறது. பையைத் திறந்து பார்க்க ஒரு கை இருக்கிறது, கூடாது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. படித்தவர், பணக்காரர், கார் வைத்திருப்பவர் எல்லாரும் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார்கள். முனகிக்கொண்டாவது கட்டுப்படுகிறார்கள்.

அந்தக் காவல் எந்த இடத்தோடு முடிகிறது? சாடிவயலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சித்திரைச்சாவடி தடுப்பணை வரைக்கும் தண்ணி பரவாயில்லை. வாய்க்கால் பிரிந்து குளங்களுக்குப் போகிற இடம் அது. அந்தக் காலத்தில் ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணி போகிற மாதிரி கணக்காகக் கட்டியிருக்கிறார்கள். பேரூர்ப் படித்துறையில் ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி விடுகிறார்கள், அமாவாசைக்குத் திதி கொடுக்கிறார்கள். தண்ணி இல்லாத வருஷங்களில் தேங்கிக் கிடக்கிறதில் காலை நனைத்துவிட்டு வருகிறார்கள். பேரூர் தாண்டியதும் நகரத்துச் சாக்கடை சேரத் தொடங்குகிறது. மழை இல்லாத மாசங்களில் சூலூர் பக்கம் ஆற்றில் ஓடுவது மலைத் தண்ணி இல்லை, கோயம்புத்தூர்க் கழிவுதான். அப்புறம் திருப்பூர்.

திருப்பூரைப் பற்றி எழுதினால் எனக்கு ஊரில் திட்டு விழும். எங்க ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். விவசாயம் கைவிட்ட வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். நான் இதை எழுதும்போது போட்டிருக்கிற பனியனும் திருப்பூரில் தைத்ததுதான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1992-ல் எங்க பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்கு நடுவே அணை கட்டி முடித்தார்கள். இங்கேயும் கரூர்ப் பக்கமும் சேர்த்து 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் என்று திட்டம். எங்க அப்பா அப்போது மஞ்சள் போட இடம் ஒதுக்கினார். சில வருஷம் தண்ணி வந்தது. அப்புறம் வந்ததெல்லாம் சாயம். சலவைக்கும் சாயத்துக்கும் போடுகிற உப்பு அத்தனையும் ஆற்றோடு வந்து அணையில் தேங்கியது. அணை, சாயத் தண்ணி தேக்கி வைக்கிற குட்டையாகிவிட்டது. தேங்கியது பூமிக்குள் இறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அணையைத் திறந்து விடு என்று விவசாயிகள் போராடிப் பார்த்திருப்பீர்கள். திறந்து விடாதே, தேக்கியும் வைக்காதே என்று கோர்ட்டுக்குப் போன விவசாயிகள் நாங்கள்தான்.

பல வருஷம் வழக்கு நடந்தது. 2006-ல் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதையும் ஒழுங்காக நிறைவேற்றாததால் 2011 ஜனவரி கடைசியில் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்துகிற வேலை நிஜமாக நடக்க ஆரம்பித்தது. அது செலவு பிடிக்கிற வேலை, இல்லை என்று சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும்போது, அதோடு சேர்த்து ராத்திரியில் திறந்து விடுகிற ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள். விடிந்தால் தடுப்பணையில் ஆள் உயரத்துக்கு நுரை நிற்கும். வெளியூர்ப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் தண்ணியின் உப்பைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று உண்டு. பேனா மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணியைச் சொட்டு நீரில் விடலாமா, ஆழ்துளைத் தண்ணியோடு கலக்கணுமா என்று பார்க்க எங்க பக்கத்து விவசாயிகள் பலர் வைத்திருக்கிறார்கள். போன தடவை அருவிக்குப் போனபோது அதையும் சட்டைப் பையில் போட்டுப் போனேன். அருவிக்குக் கீழே ஓடுகிற தண்ணியில் முக்கினால் இரட்டை இலக்கம் காட்டியது. வீட்டுக்கு வந்து எங்க கிணற்றில் முக்கினேன். நாலு இலக்கம். குடிக்கிற தண்ணிக்கு 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது அரசாங்கத் தர அளவு. எங்க கிணறு அதையும் தாண்டித்தான் நிற்கிறது. 2011-க்கு அப்புறம் குறைந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பூமிக்குள் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு வெளியே வருவதில்லை.

இந்தத் தண்ணியில் மஞ்சள் வராது, வாழை வராது. தென்னை தாக்குப் பிடிக்கும், ஆனால் காய் சிறுத்துவிடும். எங்களை ஏமாற்றாதது கொறங்காடு மட்டும்தான். அது வானம் பார்த்த பூமி. ஆற்றை நம்பாததால் தப்பித்தது. அதில் மாடு மேய்த்து, பால் ஊற்றி, நாலு ஆடு விற்றுக் குடும்பம் நடக்கிறது.

எனக்கு உறுத்துகிறது என்று சொன்னேனே, அது இதுதான். அருவிக்கு வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போகிறார்கள். சுத்தமான தண்ணியில் குளித்து, குரங்குக்குப் பயந்து, படம் எடுத்து, "நேச்சர் இன்னும் அழகா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பார்த்தது ஆற்றின் முதல் சில கிலோமீட்டர். குழந்தை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துவிட்டு, அப்புறம் அது என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்காத சொந்தக்காரன் மாதிரி. ஆறு நன்றாக இருக்கிறது என்கிற நினைப்பை அந்த அருவிதான் உங்களுக்குக் கொடுக்கிறது. அந்த நினைப்பு இருக்கிற வரைக்கும் கீழே நடப்பதைப் பற்றி நீங்கள் யாரையும் கேட்க மாட்டீர்கள்.

கேட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நிறைய ஆகும். வழக்குப் போட்டதும், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்ததும், ராத்திரியில் கரையில் டார்ச் லைட்டோடு காவல் இருந்ததும் எல்லாம் கீழ்க்கோடியில் இருக்கிற விவசாயிகள். நகரத்துக் குரல் அதில் அதிகம் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் சில அமைப்புகள் குளம் தூர் வாரினார்கள், நல்ல காரியம். ஆனால் அருவிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் எங்க ஊர்ப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, தன் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று தன் வார்டு கவுன்சிலரைக் கேட்டால், அது நாங்கள் நூறு மனு கொடுப்பதற்குச் சமம். விவசாயி கேட்டால் அது தொந்தரவு. வரி கட்டுகிற டவுன்காரர் கேட்டால் ஃபைல் நகர்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிய விஷயம் இது.

அதனால்தான் நான் இப்போது வருகிற சொந்தக்காரர்களுக்கு ஒரு கண்டிஷன் போடுகிறேன். அருவிக்குக் கூட்டிப் போகிறேன், ஆனால் திரும்பும்போது ஆற்றோடு வர வேண்டும். காலையில் அருவி. வருகிற வழியில் சித்திரைச்சாவடியில் கொஞ்ச நேரம். பேரூரில் கோயிலும் படித்துறையும். உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் ரெண்டிலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கக் கூடாது. திருப்பூர்ப் பாலத்தில் ஒரு அஞ்சு நிமிஷம். சாயங்காலம் ஒரத்துப்பாளையம் அணைக்கரை. மூன்று குடும்பம் இப்படி வந்துவிட்டது. முதல் குடும்பத்தில் பெரியவர்கள் பாதி வழியில் சலித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சலிக்கவில்லை. மீட்டரை ஆளுக்கு ஒரு இடத்தில் முக்கி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பேரூரில் ஒரு எண், சூலூரில் ஒரு எண். அணைக்கரையில் ஒன்பது வயசுப் பையன் நோட்டைக் காட்டி, "பெரியப்பா, இங்க ஏன் பையைச் செக் பண்ண யாரும் நிக்கல?" என்று கேட்டான். அவன் அப்பாதான் சாடிவயலில் சோப்பு டப்பாவைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர்.

காட்டுச் சுற்றுலாவை இப்போது அரசாங்கம் பெரிசாகச் செய்கிறது. 2024-ல் தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து, பழக்கப்பட்ட உள்ளூர் வழிகாட்டிகளோடு போகிற ஏற்பாடு வந்திருக்கிறது. நல்லது, பதிப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் வேலை. அதே மாதிரி ஆற்றோடு நடக்கிற ஒரு நாள் பயணமும் ஏன் இருக்கக் கூடாது? மலையில் வழி காட்ட இருளர் இருக்கிறார்கள் என்றால், கீழே வழி காட்ட நாங்கள் இருக்கிறோம். எந்த ஓடை எந்த இடத்தில் சேருகிறது, எந்த மாசம் தண்ணி என்ன நிறம் என்று எங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எங்களுக்கு டிக்கெட் காசுகூட வேண்டாம்.

வர நினைக்கிறவர்களுக்கு: கார்த்திகை, மார்கழி நல்ல நேரம், வெயில் தாழ்வாக இருக்கும், அருவியிலும் தண்ணி இருக்கும். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஷாம்பு பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. குடிக்கத் தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராவது எடுத்து வாங்க, சாயங்காலத்துக்கும் சேர்த்து. எங்க வீட்டில் சோறு உண்டு, மோர் உண்டு, கிணற்றுத் தண்ணி மட்டும் கொடுக்க மாட்டோம். இளநீர் வெட்டித் தருகிறேன், கொஞ்சம் உப்புக் கரிக்கும்.